மனு எழுதுவதைத் தவிர உங்கள் குழு என்ன செய்கிறது?

கேள்வி: 11 மே 2024

கலிபோர்னியாவில் இருக்கிறேன். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். அப்பாவிடம் 9 ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. சைட் போடுகிறவர்களுக்கு விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. இங்கே சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்று ஒரு மாவட்டம். அங்கே 1980-இல் உயிரியலாளர் ஒருவரும் பால்பண்ணைக்காரர் ஒருவரும், இரண்டு பேரும் பெண்கள், ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அது நிலத்தை வாங்குவதில்லை. அந்த நிலத்தில் வீடு கட்டி விற்கும் உரிமையை மட்டும் விவசாயியிடமிருந்து பணம் கொடுத்து வாங்கிப் பதிவு செய்துவிடுகிறது. நிலம் பத்துக் கை மாறினாலும் அந்தக் கட்டுப்பாடு கூடவே போகிறது. நம் ஊர்க் குழுக்களோ மனு எழுதுகின்றன, மரம் நடுகின்றன, புகைப்படம் எடுத்துக்கொள்கின்றன. உருப்படியாக இதைச் செய்தால் என்ன?

12 மே 2024, காலை

புகைப்படம் எடுத்துக்கொள்வது உண்மை. என் தொப்பை அதில் நன்றாகவே தெரிகிறது.

எங்கள் குழுவுக்குப் பெயர்ப் பலகையும் கிடையாது, பதிவு எண்ணும் கிடையாது. பதினொரு பேர். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் மூன்று ஊர்க்காரர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்கள் இருவர், தறி ஓட்டுகிற அண்ணன் ஒருவர், கல்லூரி போகும் பிள்ளைகள் சிலர். நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். எந்தத் தோட்டத்தில் தண்ணீர் எத்தனை அடிக்குப் போய்விட்டது என்று பட்டாதாரருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

கொறங்காடு என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கொங்கு நாட்டில் காடு என்றால் மானாவாரி நிலம். புலி, யானை எதுவும் கிடையாது. சென்னையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, காட்டுக்குப் போகிறோம் என்றதை நம்பி முழங்கால் வரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அந்தக் காட்டிலும் உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்தது கொறங்காடு. பட்டா நிலம்தான். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல் மரம். புல் காய்ந்த கோடையில் வெள்வேல் காய் உதிரும், அதைப் பொறுக்கித் தின்று ஆடு பிழைத்துக்கொள்ளும். சில வருடங்களுக்கு ஒருமுறை உழுது சோளமோ கம்போ விதைத்துவிட்டு மறுபடி புல்லுக்கே விட்டுவிடுவார்கள். காங்கேயம் மாடு இந்தப் புல்லைத் தின்று உருவான மாடு.

மேய்க்க ஆள் வேண்டாம் என்பதுதான் இதில் முக்கியம். காலையில் படலைத் திறந்து மாட்டை உள்ளே விட்டு, படலைச் சாத்திவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். மேய்ப்பது வேலி.

மரின் விஷயத்துக்கு இரவு வருகிறேன். கடையில் கூட்டம்.

12 மே 2024, இரவு

நம் பத்திரங்களில் "மாமூல் வண்டித் தடபாத்தியம் உட்பட" என்று ஒரு வரி வருமே, அதுதான் நாம் அறிந்த ஈஸ்மென்ட். மரினில் விவசாயியிடமிருந்து வாங்கிப் பதிவு செய்வதற்கும் ஈஸ்மென்ட் என்றுதான் பெயர். என் காட்டுக்குப் போக உன் காட்டின் ஓரமாகத் தடம் வேண்டும், அதனால் எனக்குப் பாத்தியம். 1882-ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டம் சொல்வது இந்தத் தடம் மாதிரியானதைத்தான்: ஒரு நிலத்தை அனுபவிப்பதற்காக இன்னொரு நிலத்தின் மேல் உள்ள உரிமை. நிலமே இல்லாத ஒரு குழு எங்கோ உட்கார்ந்துகொண்டு "உன் காட்டில் கட்டடம் வரக்கூடாது" என்ற பாத்தியத்தை விலைக்கு வாங்க நம் சட்டத்தில் வழி இல்லை. அமெரிக்காவில் அதற்கென்றே தனியாகச் சட்டம் போட்டிருக்கிறார்கள். கொடுப்பவருக்கு வருமான வரியில் சலுகையும் உண்டு. எங்கள் ஊரில் கொறங்காட்டுக்காரர் எத்தனை பேர் வருமான வரி கட்டுகிறார்கள்? விவசாய வருமானத்துக்குத்தான் வரியே இல்லையே.

இன்னொன்று. அந்த உரிமைக்குப் பணம் கொடுக்க வேண்டும். எங்கள் கையிருப்பு டீச்செலவுக்கே போதவில்லை.

19 மே 2024

வக்கீல் நண்பர் ஒருவர் என் போன குறிப்பைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினார். நான் சொன்னது பாதிதானாம். சொத்து மாற்றுச் சட்டம் 40-ஆவது பிரிவின்படி, பக்கத்து நிலக்காரர் தன் நிலத்தின் நல்ல அனுபவத்துக்காக உன் நிலத்தில் இதைச் செய்யாதே என்று ஒப்பந்தம் வைத்துக்கொள்ளலாம். விஷயம் தெரிந்து வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தும். ஆனால் ஒப்பந்தம் கேட்கிறவருக்கும் அங்கே நிலம் இருக்க வேண்டும்.

அன்று மாலை டீக்கடையில் இதைச் சொன்னேன். தறிக்கார அண்ணன் உடனே, "அப்படியானால் ஒவ்வொரு கொறங்காட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சென்ட் வாங்கிப் போடுவோம்" என்றார். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஒரு மாடு படுக்கலாம், திரும்பிப் படுப்பது கஷ்டம். சிரித்துவிட்டு விட்டிருக்க வேண்டும். நாங்கள் விடவில்லை. மூன்று நாள் அதே பேச்சு. யார் பெயரில் வாங்குவது, உட்பிரிவுக்கு எவ்வளவு ஆகும், அந்த ஒரு சென்ட்டுக்குத் தடம் யார் கொடுப்பார் என்று போய், கடைசியில் யாருடைய வாரிசுகள் அந்த ஒரு சென்ட்டுக்காக அடித்துக்கொள்வார்கள் என்பதில் வந்து நின்றது. ஆசிரியர்தான் முடித்துவைத்தார்: "ஐயா, நிலம் துண்டாகிறதே என்று கூடினோம். இப்போது நாமே ஒரு சென்ட்டாக வெட்டலாம் என்கிறோம்."

ஒரு சென்ட் திட்டம் கைவிடப்பட்டது. இன்னும் என்னை ஊரில் சிலர் ஒரு சென்ட்டார் என்று கூப்பிடுகிறார்கள்.

2 ஜூன் 2024

பல்லடத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: காவிரி டெல்டாவுக்கு 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததே, அதே மாதிரி இங்கும் கேட்கலாமே என்று.

கேட்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் பட்டியலைப் படித்துப் பார்த்தால், அது தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, தோல் தொழிற்சாலை மாதிரியான பெரிய வேலைகளை. ஒருவர் தன் வயலை மனையாகப் பிரித்து விற்பதற்கு அந்தப் பட்டியலில் தடை இல்லை. எங்கள் பகைவர் எண்ணெய்க் கம்பெனி இல்லை. கல் நட்டு, சிவப்புக் கொடி கட்டி, ஷாமியானா போட்டு, தங்கக் காசு தருகிற ஆட்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. கொறங்காடு விவசாய நிலம் என்று காகிதத்தில் யார் சொல்கிறார்கள்? பட்டாவில் புஞ்சை என்று இருக்கும். அடங்கலை, அதாவது கிராமப் பயிர்க் கணக்கை, எடுத்துப் பாருங்கள். என் மாமனாருடைய மூன்று ஏக்கரில் ஆறு மாடு மேய்கிறது, அடங்கலில் "தரிசு". பயிர் இல்லை, ஆகவே தரிசு. மத்திய அரசு வெளியிடுகிற தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் புதர்க்காடுகளுக்குத் தனி வகை இருக்கிறது, தரிசில்தான். சோலார்க்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வெறும் நிலம்தானே என்கிறார்கள். அந்த வெறும் நிலத்தில் மேய்ந்த காளையைத்தான் 2017 ஜனவரியில் ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அந்த வருடம் காங்கேயம் கன்று வாங்க வெளியூர்க் கார்கள் வரிசையாக வந்தன. புல் எங்கே வாங்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்தக் கன்றுகளில் சில திரும்பச் சந்தைக்கு வந்ததையும் பார்த்தேன்.

கோபத்தில் நீண்டுவிட்டது.

3 ஜூன் 2024

"கொரங்காடு" என்பதுதான் சரி, நீங்கள் வல்லின றகரம் போடுகிறீர்கள் என்று ஒரு தமிழாசிரியர் எழுதியிருக்கிறார். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்திருக்கிறேன். மாடு இரண்டையும் மேய்கிறது.

23 ஜூன் 2024

எங்கள் ஊருக்கு மேற்கே 8 ஏக்கர் போன வருடம் மனைப்பிரிவாகிவிட்டது. கொறங்காடுதான். இன்று அந்த வழியாக நடந்து போனேன். கிளுவையை வேரோடு தோண்டி ஒரு மூலையில் குவித்துத் தீ வைத்திருக்கிறார்கள். பச்சைக் கிளுவை லேசில் எரியாது, பாதி கருகிப் பாதி அப்படியே கிடக்கிறது. கிராவல் போட்ட 30 அடிச் சாலையின் நடுவில் ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தியது. குனிந்து தேடினேன். ஜல்லிக்கு நடுவில் நான்கு முட்டை. மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி. இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. கூடு என்று ஒன்றும் இல்லை, நான்கு கூழாங்கல்லை ஒதுக்கி வைத்திருந்தது, அவ்வளவுதான். அதற்கு அந்தச் சாலை இன்னும் பழைய காடுதான்.

வெள்வேல் மரம் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், விளம்பரத் தட்டி கட்டுவதற்கு.

பூங்கா என்று ஒரு பலகையும் இருந்தது. விதி அதுதான்: பெரிய மனைப்பிரிவு என்றால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு மேல் போனால் இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்பிக்கவும் முடியாது. எட்டு ஏக்கருக்கு 80 சென்ட் வர வேண்டும். கோவைப் பக்கம் இதை ரிசர்வ் சைட் என்பார்கள். அங்கே பாதி வழக்குகள் இந்த ரிசர்வ் சைட்டை யாராவது வேலி போட்டுக்கொண்டதைப் பற்றித்தான். நாங்கள் அங்கே காலடியால் அளந்தோம். 80 சென்ட் இல்லை! 60-க்குக் கொஞ்சம் கூட இருக்கும். நாளைக்கே மனு.

24 ஜூன் 2024

மனு இல்லை. தவறு என்னுடையது. சாலைகள் போக மீதிப் பரப்பில்தான் பத்து சதவீதம். எட்டு ஏக்கரில் சாலை ஏறக்குறைய 2 ஏக்கர், மீதி 6, அதில் பத்து சதவீதம் 60 சென்ட். கணக்கு சரியாகவே இருக்கிறது. மனை போட்டவர் நேர்மையான ஆள் என்று தெரிந்ததும் எங்களில் இரண்டு பேருக்கு முகம் வாடிவிட்டது, அதையும் பதிவு செய்கிறேன்.

அந்த 60 சென்ட்டில் இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

14 ஜூலை 2024

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். "சரி, பட்டா நிலத்தை விடுங்கள். பொது நிலத்தையாவது காப்பாற்றினீர்களா?"

காப்பாற்றியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். முழுக்கதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் மேய்க்கால் புறம்போக்கு ஒன்று உண்டு. கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் 2.98.0 ஹெக்டேர், அதாவது 7 ஏக்கர் 36 சென்ட். தரையில் ஐந்து ஏக்கர் இருந்தால் அதிகம். ஒரு பக்கம் தென்னை நகர்ந்து வந்திருக்கிறது. தென்னை தானாக நகராது என்பது எல்லோருக்கும் தெரியும், யார் நகர்த்தினார் என்பதும் தெரியும். 2018-இல் ஆசிரியர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எடுத்து வந்தார். 2011 ஜனவரி 28, ஜக்பால் சிங் வழக்கு. பஞ்சாபில், பட்டியாலா மாவட்டத்தில் ரோகர் ஜாகிர் என்ற ஊர்க் குளத்தை நிரப்பி வீடு கட்டியிருந்தார்கள். வீடு கட்ட எவ்வளவு செலவு செய்திருந்தாலும், எத்தனை காலம் ஆண்டிருந்தாலும் ஊர்ப் பொது நிலம் ஊருக்குத்தான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லா மாநில அரசுகளும் இப்படிப்பட்ட நிலங்களை மீட்கத் திட்டம் போட வேண்டும் என்றும் உத்தரவு. ஆசிரியர் அதைத் தமிழில் எழுதி, படி எடுத்து, மனுவோடு சேர்த்துக் கொடுத்தார்.

மனு எங்கே போனது, எந்த மேசையில் எத்தனை மாதம் உட்கார்ந்தது, அளக்க வருகிறேன் என்றவர் எத்தனை முறை வரவில்லை என்பதையெல்லாம் எழுத விருப்பமில்லை. ஒரு தடவை எங்கள் மனுவின் மேலேயே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். சாம்பார் சிந்தவில்லை, அந்த மட்டும் சரி.

அதற்குள் எங்களுக்குப் பொறுமை போய்விட்டது. நிலத்தைக் காலியாக விட்டால்தானே பிடிப்பார்கள், மரம் நட்டுவிட்டால் யாரும் தொட முடியாது என்று யாரோ சொன்னார்கள். (யாரோ இல்லை, நான்தான்.) 2019-இல் நாடெங்கும் மியாவாக்கி காடு பேச்சாக இருந்தது. ஜப்பான்காரர் கண்டுபிடித்த முறை, நெருக்கி நெருக்கி நடுவது. நாங்களும் மேய்க்காலின் நடுவில் அரை ஏக்கரில் குழி எடுத்து, கம்பி வேலி போட்டு, 400 கன்று நட்டோம். புகைப்படம் எடுத்துக்கொண்டோம். தொப்பை தெரியும் படம் அதுதான்.

மீதி அடுத்த வாரம்.

16 ஆகஸ்ட் 2024

அடுத்த வாரம் என்றது ஒரு மாதமாகிவிட்டது. ஆடியில் ஒரே மோட்டார் வேலை.

நேற்று சுதந்திர தின கிராம சபை. மேய்க்காலை அளந்து கல் நட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தோம். ஒருமனதாக நிறைவேறியது. தென்னைக்காரரும் கை தூக்கினார், அதுதான் அரசியல். நான் எழுந்து, அங்கே மரம் நட்டதையும் இன்னும் இரண்டு ஏக்கருக்கு அதை விரிவாக்கப் போவதையும் சொன்னேன். கைதட்டினார்கள்.

பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். இருபது ஆடு வைத்திருப்பவர், நிலம் ஒரு சென்ட்கூட இல்லாதவர். எனக்கு அவரைத் தெரியும், பெயர் வேண்டாம். "கண்ணு, அவர் தென்னை வைத்து இரண்டு ஏக்கர் எடுத்தார். நீங்கள் கம்பி போட்டு அரை ஏக்கர் எடுத்தீர்கள். இன்னும் இரண்டு ஏக்கர் எடுப்போம் என்கிறீர்கள். என் ஆட்டுக்கு நீங்கள் இரண்டு பேரும் ஒன்றுதான்."

சபை சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே நட்டதில் பிழைத்தது நூற்றுச் சொச்சம். பிழைத்ததன் அடியில் புல் இல்லை. கொழுக்கட்டைப் புல்லுக்கு வெயில் வேண்டும். மேய்க்கால் என்று பதிவேட்டில் பெயர் எழுதியிருக்கும் நிலத்தில் மேய்ச்சலைக் கெடுத்துவிட்டு, பாதுகாத்தோம் என்று ஐந்து வருடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். புல்வெளியைப் பார்த்தால் காலியிடம் என்று தோன்றுகிற அதே கண்தான் எங்களுக்கும், சைட் போடுகிறவருக்கும். இதை எழுத ஒரு நாள் ஆகியிருக்கிறது.

கம்பி வேலியை இரண்டு பக்கம் திறந்துவிட முடிவு செய்திருக்கிறோம். மரங்களை வெட்டுவதா என்று குழுவில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

8 செப்டம்பர் 2024

கேள்வி கேட்டவர் தனியாக எழுதி, அப்பாவின் காட்டைப் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். இன்று போனேன். அவர் அனுமதியோடு எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 78 வயது. படலைத் திறந்துவிட்டு, "நீங்கள்தான் மனு எழுதுகிறவரா?" என்றார். குடும்பமே அப்படித்தான் போலிருக்கிறது. நான்கு மாடு, ஒரு மயிலைக் கன்று. புல் முழங்கால் உயரம். வேலியைச் சுற்றி இரண்டு பேரும் நடந்தோம். அவர் முன்னால் கைத்தடியோடு, நான் பின்னால். பதினொரு இடத்தில் சந்து. சில இடத்தில் ஆடு நுழையும் அளவு, சில இடத்தில் மாடே நுழையும். முள் வெட்டிச் சொருகி அடைத்திருக்கிறார், முள் காய்ந்து உதிர்ந்துவிட்டது. கிளுவை ஊன்ற ஆள் கிடைப்பதில்லை. பனியன் கம்பெனி வேன் காலையில் வந்து ஊரையே ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது.

தம்பியையும் பார்த்தேன். வில்லன் ஒருவரை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் சொன்னது இது: "சந்து வழியாக மாடு வெளியே போகிறது. பக்கத்துச் சோளத்தில் வாய் வைக்கிறது. வாரம் ஒரு சண்டை. அப்பாவால் ஓடி மறிக்க முடியவில்லை. நான் வேலையிலிருந்து வந்து மன்னிப்புக் கேட்கிறேன். மாட்டை விற்றால் புல் எதற்கு? புல் எதற்கு என்றால் காடு எதற்கு?"

வீடு திரும்பும்வரை இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இங்கே விற்பனைக்குப் போன கொறங்காடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மேற்கே அந்த 8 ஏக்கரும் சேர்த்து ஆறு. ஆறிலும் புரோக்கர் வந்தது கடைசியில். அதற்கு முன்பே மாடு போயிருந்தது. மாடு போவதற்கு முன்பே வேலி போயிருந்தது. என் கடைக் கணக்கும் அதையே சொல்கிறது: மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கும் சின்ன மோட்டார் ரிப்பேருக்கு வருவது முதலில் நிற்கும், காடு இரண்டு மூன்று வருடம் கழித்து விற்கும். பத்து வருடம் நாங்கள் புரோக்கர் வந்த பிறகுதான் போய் நின்றிருக்கிறோம்.

9 செப்டம்பர் 2024

"அப்படியானால் வேலி கட்டினால் நிலம் காப்பாற்றப்பட்டுவிடும் என்கிறீர்களா?" இல்லை ஐயா. இரண்டு வருடம் தள்ளிப்போகும். எங்கள் மனு அதைக்கூடச் செய்ததில்லை.

6 அக்டோபர் 2024

நேற்றும் இன்றும் ஒன்பது பேர் போனோம். சந்துகளைச் சேர்த்து அளந்தால் 140 அடி. ஒரு சாணுக்கு ஒரு கொம்பு, ஆக 187. இருநூறு வெட்டினோம். கிளுவையில் கொடுவாள் இறங்கியதும் வெள்ளையாகப் பிசின் கசியும், கையில் பட்டால் மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவ வேண்டும். கடப்பாரையால் குழி போட்டு, ஒரு முழம் இறக்கி, மண்ணை மிதித்துவிட்டோம். மழை வருவதற்குள் முடித்தாயிற்று என்று எல்லோருக்கும் பெருமை. மதியம் அவர் வீட்டில் கம்மஞ்சோறு, தயிர், சுண்டைக்காய் வற்றல்.

பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்து, சொல்லவில்லை.

17 நவம்பர் 2024

இருநூறில் எழுபது அழுகிவிட்டது.

அவர் சொல்ல வந்தது என்ன என்று இன்று கேட்டேன். கிளுவை இலை உதிர்ந்து நிற்கும் காலத்தில் வெட்ட வேண்டுமாம். வெட்டி உடனே ஊன்றக்கூடாது, நிழலில் நாலு நாள் போட்டுப் பிசின் இறுகவிட வேண்டும். ஒரு முழம் ஆழம் அதிகம், ஒரு சாண் போதும். "ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்றேன். "அவ்வளவு வேகமாக வேலை செய்கிறவர்களை எப்படி நிறுத்துவது?" என்றார்.

நூற்று முப்பதில் துளிர் வந்திருக்கிறது. இதற்கிடையில் வேறு இரண்டு ஊரிலிருந்து எங்கள் வேலிக்கும் வருவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். மனு கொடுங்கள் என்றேன். சிரிக்கவில்லை.

12 ஜனவரி 2025

மேய்க்கால் பற்றிக் கேட்டவர்களுக்கு: அளக்கவில்லை. இந்த மாதம் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிறார். தீர்மானம் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆசிரியர் புதிதாக ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார். அவரை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அந்த ஐந்து ஏக்கர் இன்னும் புறம்போக்காக இருப்பதற்கு அவருடைய நச்சரிப்பும் ஒரு காரணம். மே மாதம் மனு வேலையை நான் கொஞ்சம் மட்டமாகப் பேசிவிட்டேனோ என்று தோன்றுகிறது. செப்டம்பரில் இன்னும் மட்டமாக.

மியாவாக்கி மரங்களை வெட்டவில்லை. வேலியைத் திறந்தோம், ஆடுகள் தாமே பாதியை முடித்துவிட்டன. சண்டை அத்துடன் ஓய்ந்தது.

2 பிப்ரவரி 2025

பெரியவர் காட்டைப் பாகம் பிரித்துவிட்டார். தம்பிக்கு 4 ஏக்கர், அவர் விற்கிறார், அட்வான்ஸ் வாங்கியாயிற்று. மீதி 5 ஏக்கர் அமெரிக்காக்காரர் பெயரில், அப்பா இருக்கும்வரை மேய்ச்சல். மரின் கனவு இப்படி முடிந்ததா என்று கேலி செய்ய வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், நான் இன்னும் முடிக்கவில்லை.

பாகக் கோட்டில் வேலி கிடையாது. அது ஒரே காடாக இருந்தது, நடுவில் வேலிக்கு அவசியமே இருக்கவில்லை. இப்போது 600 அடிக்குப் புது வேலி வேண்டும். 800 கொம்பு. தம்பி பக்கத்து வேலியை ஜேசிபி தோண்டப் போவது மார்ச்சில். அந்தக் கிளுவை அவர்கள் தாத்தா காலத்தில் வைத்தது, தொடை பருமன். அதை எரிக்க விடாமல் வெட்டி நடுக்கோட்டில் ஊன்றிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கித் தம்பியிடம் கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு" என்றார்.

23 பிப்ரவரி 2025

முந்நூறு வெட்டி நிழலில் அடுக்கியிருக்கிறோம். இலை எல்லாம் உதிர்ந்திருக்கிறது, சரியான பருவம். தம்பி தன் கொடுவாளோடு வந்தார், எங்கள் எல்லோரையும்விட வேகமாக வெட்டுகிறார். பெரியவர் இந்த முறை பேசாமல் இருக்கவில்லை, வாயை மூடவே இல்லை. வியாழக்கிழமை ஊன்றத் தொடங்குகிறோம். இன்னும் ஐந்நூறு வெட்ட வேண்டும், அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு. வருகிறவர்கள் பழைய சட்டை போட்டு வாருங்கள், பிசின் போகாது. கொடுவாள் எங்களிடம் நான்குதான் இருக்கிறது.